நான்காவது பொத்தான்

பெரம்பூர்க்காரன்:
நான் வீட்டோடு பராமரித்துவந்தவர், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். பக்கவாதத்துக்குப் பின் இடது கை பாதிதான் மீண்டிருந்தது. சட்டையை மாட்டும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது பராமரிப்பு வேலை செய்யும் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதை அவர் பிடிவாதமாகத் தாமே செய்வார். நான் பக்கத்தில் நிற்பேன். அன்று மூன்று பொத்தான்களுக்கு 20 நிமிடங்கள் ஆயின. நான்காவதைத் துளைக்குள் பாதி செலுத்தியிருந்த வேளையில், கூடத்துக் கேமராவில் வெளிநாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மகன் கைப்பேசியில் அழைத்து, "சும்மா நிற்பதற்கா உங்களுக்குச் சம்பளம்?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் பெரியவர் காதிலும் விழுந்துவிட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டு, "போட்டுவிடுங்க தம்பி" என்றார். நானும் போட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் சட்டையே கேட்கவில்லை, பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

வேளச்சேரி அக்கா:
மகன் மீதே பழியைப் போடுவதை நான் ஏற்கவில்லை. தொலைவில் இருப்பவருக்குக் கேமராவில் தெரிவது, நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆள் மட்டுமே. தாமே குளிக்கட்டும் என்று நான் விட்டுவிட்ட ஓர் அம்மாள், டவல் கம்பியைப் பிடித்து எழுந்தபோது கம்பியோடு சேர்ந்து விழுந்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவை உடைத்தோம். ஆகவே பொத்தானுக்கு முன் குளியலறையைப் பாருங்கள். டவல் கம்பி ஆள் எடையைத் தாங்காது; சுவரில் துளையிட்டு இறுக்கிய கைப்பிடிக் கம்பிதான் வேண்டும். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டைப் போடச் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும் சங்கடம் நேராது. கைத்தடி நல்ல பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பலவீனமான கால் முன்னே. வீட்டாரோடு ஒத்துவராவிட்டால், முதியோருக்கான 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

அடையாறு டியூட்டி:
அக்கா, பெரம்பூர்க்காரர் கம்பியைப் பற்றிப் பேசவில்லையே. பார்வை மங்கிய ஓர் அம்மாவோடு நான் மயிலாப்பூருக்குப் பேருந்தில் போவதுண்டு. மூத்த குடிமக்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன்கள் கிடைக்கும் அல்லவா, அவற்றை எண்ணிச் சுருக்குப்பையில் வைத்திருப்பது அவருடைய வேலை. ஒருநாள் கூட்ட நெரிசலில் நடத்துனர் அவசரப்படுத்தவே, நானே பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டேன். லஸ் முனை வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை. இறங்கிய பிறகு சாலையோரமாக நின்று, பையில் மிச்சமிருந்த டோக்கன்களை விரலால் தடவித் தடவி எண்ணினார்.

பெரம்பூர்க்காரன்:
அக்கா, அந்த வீட்டுக் குளியலறையில் இரண்டு கைப்பிடிக் கம்பிகள் இருந்தன. அவற்றைப் பொருத்தச் செய்தவரும் அந்த மகன்தான். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. என் உறுத்தல் வேறு: "அவர் முடிக்கட்டும் சார், கொஞ்சம் பொறுங்கள்" என்று போனில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூடப் பிடித்திருக்காது. அன்றைய டியூட்டி நோட்டில், "உதவியுடன் உடை அணிந்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.