ஒரே கிட்டார், ரெண்டு ஆம்ப்: ஹம் வருது, பேஸ் போகுது

கம்பி_ஆறு:
ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப், வாக்ஸ் ஏசி30 ஆம்ப் ரெண்டையும் ஒரே டேக்கில் வாசிச்சு தனித்தனி டிராக்கில் பதியணும். பெடல்போர்டு கடைசியில் ஒய் கேபிள் போட்டுப் பிரிச்சிருக்கேன். ஆம்புக்கு ஒரு எஸ்எம்57 மைக். தனித்தனியா வெச்சா ரெண்டுமே சுத்தம். சேர்த்து வெச்சா ஹம் (ம்ம்ம்னு இரைச்சல்). அது போக, ரெண்டு ஃபேடரையும் ஏத்தினா சத்தம் தடிக்காம மெலியுது. ஒரு பிளக்கில் எர்த் பின்னைக் கழட்டினா ஹம் போயிடும்கிறாங்க. செய்யலாமா?

வால்வ்பெட்டி:
எர்த் பின் மேல கை வைக்காதீங்க. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல ஓடுற பெட்டி அது. இன்சுலேஷன் விட்டுப்போனா சேஸிஸ்ல (ஆம்போட உலோகச் சட்டத்துல) கரன்ட் ஏறும். உங்க கிட்டார் கம்பியும் அதே சேஸிஸோடதான் சேர்ந்திருக்கு.

ஹம்முக்குக் காரணம், ரெண்டு ஆம்பும் பிளக் வழியா ஒரு தடவை, ஒய் கேபிளின் ஷீல்டு வழியா இன்னொரு தடவை எர்த்தில் சேர்றது. அந்த வளையத்தை உடைக்க வேண்டிய இடம் சிக்னல் பக்கம். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (கம்பித் தொடர்பு இல்லாம சிக்னலை மட்டும் கடத்துறது) உள்ள ஸ்பிளிட்டர் வாங்குங்க (லேலே பி-ஸ்பிளிட் மாதிரி). ஒரு ஆம்ப் நேரடி அவுட்டில், மற்றது டிரான்ஸ்ஃபார்மர் அவுட்டில். கிரவுண்ட் லிஃப்ட் (ஷீல்டோட எர்த் தொடர்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) ரெண்டாவதில் மட்டும். ரெண்டு ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: கிட்டாரோட நின்ன இடத்துலேயே திரும்பிப் பாருங்க. நீங்க திரும்பும்போது ஹம் கூடிக் குறைஞ்சா அது சிங்கிள் காயில் பிக்கப் பிடிக்கிற சத்தம், எந்த ஸ்பிளிட்டரும் அதைத் தீர்க்காது.

மைக்_மூணுசெமீ:
மெலியறது வேற கதை. பொலாரிட்டியா (ஒரு அலை மேலே போகும்போது மற்றது கீழே போவது), மைக் தூரமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ரெண்டு மைக்கையும் கிரில் துணியிலிருந்து 3 செ.மீ.யில், கோனின் ஒரே பகுதியைப் பார்த்தபடி வையுங்கள். ரிவர்ப், டிரெமலோ ஆஃப். ரெண்டு ஆம்பும் கிளீனாக இருக்கட்டும். டிஸ்டார்ஷன் ஏறினால் அலைவடிவம் குழப்பும். கம்பிகளைக் கையால் அமுக்கி ஒரே ஒரு தட்டு தட்டிப் பதிந்து, பெரிதாக்கிப் பாருங்கள். முதல் மேடு ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் போனால் பொலாரிட்டி தலைகீழ். ஸ்பிளிட்டரிலோ ப்ரீஆம்பிலோ திருப்புங்கள். இரண்டிலும் திருப்பினால் பழையபடிதான்.

ஒரே திசை, ஆனால் ஒன்று பிந்தி வந்தால் தூரம்தான் காரணம். 34 செ.மீ. தள்ளினால் 1 மில்லிசெகண்ட், 500 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். 3.4 செ.மீ. என்றால் 5 கிலோஹெர்ட்ஸில். மைக்கை நகர்த்தி, மோனோவில் கேட்டு முடிவெடுங்கள். ஸ்டீரியோவில் விரித்துக் கேட்டால் இந்தக் கோளாறு காதுக்கு எட்டாது.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று: டீலக்ஸ் ரிவர்ப் மாதிரி பிளாக்ஃபேஸ் ஃபெண்டர்களில் வைப்ரட்டோ சேனலில் ஒரு கெயின் ஸ்டேஜ் கூடுதல், அதனால் நார்மல் சேனலுக்கு அது எதிர் பொலாரிட்டி. நடுவில் சேனல் மாற்றினால் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

பஃபர்_பையன்:
போர்டில் எல்லா பெடலும் ட்ரூ பைபாஸா (ஆஃபில் சிக்னலை அப்படியே நேரா விடுறது) ப்ரோ? அப்படின்னா எல்லாம் ஆஃபில் இருக்கும்போது பிக்கப்பே ரெண்டு ஆம்பையும் இழுக்குது. 1 மெகாஓம் இன்புட் ரெண்டு சேர்ந்து 500 கிலோஓம். கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பைகோஃபாரட், 12 மீட்டர்னா 1200. ட்ரெபிள் மங்கும். ஸ்பிளிட்டருக்கு முன்னாடி ஒரு பஃபர் (பிக்கப் மேல சுமை விழாம சிக்னலைத் தாங்கி அனுப்புற சர்க்யூட்) வைங்க. ஃபஸ் ஃபேஸ் பெடல் இருந்தா அது பஃபருக்கும் முன்னாடி.

கம்பி_ஆறு:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு ஆம்பிலும் மேடு எதிரெதிரா இருக்கு, ப்ரீஆம்பில் திருப்பினதும் பேஸ் வந்துடுச்சு. ஸ்பிளிட்டர் வர்ற வரைக்கும் ஹம்முக்கு வழி?

வால்வ்பெட்டி:
டிஐ பாக்ஸில் (கிட்டாரை ஆம்ப் இல்லாம நேரா பதிய உதவுறது) கிட்டாரை மட்டும் பதிஞ்சு வெச்சுக்குங்க. பிறகு பதிஞ்சதை ரீஆம்ப் பாக்ஸ் (லைன் அவுட்டைக் கிட்டார் லெவலுக்கு இறக்குறது) வழியா ஒரு ஆம்ப், அதைப் பிடுங்கிட்டு அடுத்தது. ஒரு நேரத்தில் ஒரு ஆம்ப்தான், ரெண்டையும் கோக்கிற வளையமே இல்லை. இன்டர்ஃபேஸ் லைன் அவுட்டை நேரா ஆம்பில் குத்தாதீங்க, லெவல் ரொம்ப அதிகம். கிட்டாரை நேரா சொருகும்போது எந்த அளவு கரகரக்குதோ அதே அளவு வர்ற வரைக்கும் ரீஆம்ப் லெவலைக் கீழிருந்து ஏத்துங்க.