அப்பம்மா வீட்டார் குழு: ஞாயிறு திவசத் தயிர்

வியாழன், இரவு 8.10

அம்மா: ஞாயிறு மாமியின், அதுதான் பிள்ளைகளின் அப்பம்மாவின், ஆண்டுத் திவசம். ஐயர் 9 மணிக்கு வருகிறார். சாப்பாட்டுக்கு நாற்பது பேர். மட்டக்களப்பில் இருந்து தயிர்ச் சட்டி கொண்டு வருகிறவர் இந்தக் கிழமை வரவில்லையாம். என்ன செய்வது?

கொட்டாஞ்சேனை மாமி: கடையில் வாங்கு மச்சாள்.

அம்மா: கடைத் தயிரை மாமி வாயில் வைத்ததே இல்லை. உங்களுக்குத் தெரியாததா.

தெஹிவளைத் தம்பி: கப் யோகட் நாற்பது. வேலை முடிந்தது

பெரியம்மா: திவசத்துக்கா?? அநேகமான கப்பில் ஜெலட்டின் போடுகிறார்கள்.

தெஹிவளைத் தம்பி: அது என்ன

பெரியம்மா: மாட்டெலும்பு, தோல். போய்ப் படி.

லண்டன் மாமி: நான் தந்த ஸ்லோ குக்கர், மெல்லிய சூட்டில் சமைக்கும் அந்தக் கரண்ட் பானை, அண்ணியிடம் இருக்குத்தானே? இங்கே நான் அதில்தான் செய்கிறேன்.

கொட்டாஞ்சேனை மாமி: ஓ. குக்கர் தந்தாயா.

லண்டன் மாமி: அது எப்பவோ அக்கா. 2019இல்.

கொட்டாஞ்சேனை மாமி: எனக்கு சொக்லேட் தந்தாய்.

லண்டன் மாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: பெட்டியோடு அலுமாரிக்கு மேல் இருக்கிறது. 2022இல் காஸ் இல்லாதபோது ஒருக்கால் இறக்கினேன். அப்போது கரண்டும் இல்லை. திரும்ப ஏற்றிவிட்டேன்.

கனடா சித்தப்பா: நான் தந்த குக்கர் என்னானது?

அம்மா: போட்டவுடனே புகைந்தது தம்பி. அங்கே 120 வோல்ட், இங்கே 230.

கனடா சித்தப்பா: ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கச் சொன்னேனே!

பெரியப்பா: எல்லாரும் வடிவாக வாசிக்கவும். முதலில் பாலை 82 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். கிருமி சாவதற்கு மட்டும் இல்லை. அந்தச் சூட்டில் மோர்ப் புரதம் குலைந்து, பாலின் மற்றப் புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் தயிர் தண்ணீர் விடாமல் கட்டியாக வரும். குக்கரில் 2 லீற்றர் பால் ‘லோ’வில் அந்த அளவுக்கு வர இரண்டரை, மூன்று மணித்தியாலம் எடுக்கும். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு 43, 45 பாகைக்கு ஆற விடவும். அதற்கும் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம். அதற்கு முன்பு, நல்ல சூட்டோடு உறை ஊற்றினால் பக்றீரியா செத்துப்போகும். நன்றாக ஆறிவிட்டால் அதற்குச் சோம்பல் பிடித்துவிடும். அரைக் கோப்பை உறையைக் கொஞ்சப் பாலில் அடித்துக் கரைத்து ஊற்றி, மூடி, தடித்த துவாயால் சுற்றி இரவு முழுக்க அசைக்காமல் விடவும். ‘வார்ம்’ பொத்தானைத் தொடவே கூடாது, அது தயிருக்கு மிஞ்சிய சூடு. இந்த வேலையைச் செய்வது இரண்டு பக்றீரியா: லக்டோபசிலஸ் பல்காரிக்கஸ், மற்றது ஸ்ட்ரெப்டோகொக்கஸ்

பெரியப்பா: கை பட்டு அனுப்பிவிட்டேன். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோபிலஸ்.

தெஹிவளைத் தம்பி: அப்பாவுக்கு பென்ஷன் வந்தும் பாடவேளை முடியவில்லை

கொட்டாஞ்சேனை மாமி: 82ஐ எதால் பார்ப்பது? அம்மா விரல் விட்டுத்தான் பார்ப்பா. பத்து எண்ணும்வரை பொறுக்க முடிந்தால் உறை ஊற்றலாம்.

பெரியப்பா: அது 43க்குச் சரி. 82க்கு விரல் விட்டுவிடாதே.

கனடா சித்தப்பா: அந்த மாடியில் லிஃப்ட் திருத்தியாச்சா? பெரியக்கா முழங்காலோடு எப்படி ஏறுவா?

அம்மா: செவ்வாய் வரை ஓடியது.

கொட்டாஞ்சேனை மாமி: என் முழங்காலை விடுங்கோ.

நான்: கொழும்புச் சூட்டுக்குச் சட்டியில் ஊற்றி வைத்தாலே விடியமுன் உறைந்துவிடுமே. குக்கர் எதற்கு?

பெரியம்மா: அதைச் சொல்லு.

லண்டன் மாமி: இங்கே குளிரில் வெளியில் வைத்தால் உறையாது, அதனால் நான் அப்படிச் செய்கிறேன். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் விடுங்கோ.

பெரியப்பா: சட்டியிலும் உறையும், மெதுவாக. குக்கரின் உள்பாத்திரம் தடிப்பு, சூட்டை விடாது. ஆனால் அதில் 3 லீற்றருக்கு மேல் போகாது. வெள்ளி ஒன்று, சனி ஒன்று என்று இரண்டு தரம் போட வேண்டும்.

அம்மா: 6 லீற்றர் பசும்பாலுக்கு எங்கே போவது? பால்மா சரிவருமா?

பெரியப்பா: சரிவரும். கொஞ்சம் தடிப்பாகக் கரைத்தால் இன்னும் கட்டியாக வரும்.

பெரியம்மா: திவசத்துக்குப் பால்மா. மாமி எழும்பி வந்துவிடுவா.

அம்மா: அப்போ உறைக்கு?

கொட்டாஞ்சேனை மாமி: என்னிடம் இருக்கிறது. அம்மாவின் உறை. ஒருநாள் விட்டு ஒருநாள் பால் ஊற்றி மாற்றி வைத்திருக்கிறேன்.

லண்டன் மாமி: அக்கா. சொல்லவே இல்லையே.

கொட்டாஞ்சேனை மாமி: யார் கேட்டது?

பெரியம்மா: அது கரண்ட் போன நேரமே புளித்து ஊற்றியாச்சு என்று நீதானே சொன்னாய்? பிறகு கடைத் தயிரில் தொடங்கினாய்.

கொட்டாஞ்சேனை மாமி: அரைக் கரண்டி எடுத்து வைத்திருந்தேன் அண்ணி.

பெரியப்பா: அரைக் கரண்டி தாராளம்.

அம்மா: சரி, அப்போ அதுதான். யார் போய் எடுப்பது? குக்கரை யார் இறக்குவது?

தெஹிவளைத் தம்பி: நாளைக்கு எனக்கு லெக்சர்

பெரியம்மா: எனக்கு அலுமாரி எட்டாது.

கொட்டாஞ்சேனை மாமி: நான் பஸ்ஸில் கொண்டு வாறன். முதலில் லிஃப்ட்டைப் பாருங்கோ.

கனடா சித்தப்பா: அங்கே ட்ரான்ஸ்ஃபோமர் இப்போது என்ன விலை?