ஹாஸ்டலுக்கு வந்து 7 வாரம் ஆச்சு, ஒரு நாள் கூட என் கையில நிக்க மாட்டேங்குது

முதலாண்டு_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்குதான் முதல் தடவையா எழுதுறேன், நீளமா போயிடுச்சுன்னா பொறுத்துக்கோங்க. ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறேன், கேம்பஸ்க்குள்ளயே ஹாஸ்டல். இங்க வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் சொன்னது, உனக்கென்ன, க்ளாஸ் 5 நிமிஷ நடை, பஸ்ஸுக்கு நிக்க வேணாம், சமைக்க வேணாம், வீட்டு வேலை எதுவும் கிடையாது, நேரம் கொட்டிக் கிடக்கும்னு. நானும் அப்படித்தான் நெனச்சு வந்தேன். ஆனா நேரம் எந்த வழியா போகுதுன்னே தெரியல.

8.30 க்ளாஸுக்கு 8 மணிக்குதான் கட்டில விட்டு எந்திரிக்கிறேன். பாத்ரூம்ல வரிசை. பாதி நாள் மெஸ் மூடிருவாங்க, வெறும் வயித்தோட போய் முதல் பீரியட் உக்காருவேன். சாயங்காலம் 4.30க்கு ரூமுக்கு வந்து பைய கீழ வச்சதும் சும்மா 10 நிமிஷம்னு கட்டில்ல சாயுவேன், கண்ணு முழிச்சா வெளிய இருட்டியிருக்கும். அப்புறம் மெஸ், அப்புறம் யாராவது ரூமுக்கு வருவாங்க இல்ல நான் யார் ரூமுக்காவது போவேன், பேசிட்டே 11 ஆயிடும், அதுக்கப்புறம் புக்க திறந்தா ஒரு பக்கத்தயே நாலு தடவை படிச்சிட்டிருப்பேன்.

ரூம்மேட் நல்ல பொண்ணு, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா 1 மணி வரைக்கும் வீடியோ கால், அதுக்கப்புறம் 3 மணி வரைக்கும் படிப்பு, ட்யூப்லைட் எரிஞ்சிட்டே இருக்கும். நான் செவுத்துப் பக்கம் திரும்பி துண்ட மடிச்சு கண்ணு மேல போட்டுட்டு படுத்திருப்பேன். காலைல 6, 6.10, 6.20னு வரிசையா அலாரம் வச்சிருக்கா. ரெண்டு கட்டிலும் ஒட்டிப் போட்டிருக்கு, அவ ஃபோன் இரும்புச் சட்டத்து மேல அதிர்றப்போ என் தலைமாட்டுல கேக்கும். அவ முழிக்கிறதில்ல, நான் முழிச்சிடுவேன்.

இன்னொன்னு சொல்லணும். சுத்தி எந்நேரமும் ஆளுங்க இருக்காங்க, ஆனா சாயங்காலம் 6 மணி ஆனா தொண்டைய அடைச்சிட்டு வருது. அம்மா ஃபோன்ல கேட்டா எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லி சீக்கிரம் வச்சிடுறேன், கூட ஒரு நிமிஷம் பேசினா அழுதுடுவேன்னு பயம். போன வாரம் முதல் இன்டர்னல் மார்க் வந்துச்சு, ஸ்கூல்ல நான் எடுத்ததுல பாதி கூட இல்ல.

ரூம்மேட் கிட்ட மனசு நோகாம எப்படி பேசுறது? படிப்புக்கு எப்போ எங்க உக்காருறது? இந்த 6 மணி கஷ்டம் போகுமா போகாதா? இருந்து பாத்தவங்க சொல்லுங்க.

மூணாவது_மாடி:

தங்கச்சி, நான் ஹாஸ்டல்ல இது நாலாவது வருஷம். உன் மூணு கேள்வியில முதல் கேள்விய மட்டும் நான் எடுத்துக்குறேன், ஏன்னா அதுல நான் அடிபட்டிருக்கேன்.

ராத்திரி பேசாத. நான் ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு நாள் 2 மணிக்கு எந்திரிச்சு உக்காந்து மனுஷங்க தூங்க வேணாமான்னு கத்திட்டேன், அதுக்கப்புறம் ஒரே ரூம்ல ரெண்டு மாசம் நானும் அவளும் பேசிக்கல. ஒருத்தி உள்ள வந்தா இன்னொருத்தி பக்கெட்ட எடுத்துட்டு வெளிய போறது, அந்த மாதிரி. தூக்கம் கெட்டத விட அது கொடுமை. அதனால பகல்ல பேசு, ரூமுக்கு வெளிய பேசு. மெஸ்ல இருந்து திரும்பி நடந்து வர்றப்போ பேசினா ரொம்ப நல்லது, பக்கத்துல பக்கத்துல நடந்துட்டே பேசுறப்போ மூஞ்சிய பாக்க வேண்டியதில்ல, சொல்ல வர்றது சுலபமா வந்துடும்.

பேசுறப்போ "நீ என்ன தூங்க விட மாட்டேங்குற"ன்னு ஆரம்பிச்சா அவ தன்ன காப்பாத்திக்கத்தான் பாப்பா. என்ன வேணுமோ அத மட்டும் கேளு. 12 மணிக்கு மேல பெரிய லைட் வேணாம், டேபிள் லேம்ப செவுரப் பாக்க திருப்பி வச்சுக்கலாமா? 11க்கு மேல கால் வந்தா காரிடார்ல பேசிக்கிறியா? அலாரம் ஒண்ணு போதுமா, ஃபோன தலகாணிக்கு அடியில வச்சுக்குறியா? அவ்ளோதான். இதுல அவளால ரெண்டு முடியும், ஒண்ணு முடியாதுன்னு சொல்லுவா, அந்த இடத்துலதான் பேச்சே நடக்கும்.

அப்புறம் முக்கியமானது, நான் பண்றதுல உனக்கு எது கஷ்டமா இருக்குன்னு நீயும் கேளு. நானும் அவளும் கடைசியில உக்காந்து பேசினப்போ அவ சொன்னா, நான் தினமும் குளிச்சிட்டு வந்து ஈரத்துண்ட அவ சேர் முதுகுல போட்டுட்டு போறேனாம், அவ க்ளாஸ் முடிஞ்சு வந்து சாஞ்சு உக்காந்தா சட்ட நனைஞ்சிடுமாம். ரெண்டு மாசமா வாயத் திறக்கல அவ. எனக்கு அப்படி ஒரு விஷயம் நடக்குதுன்னே தெரியாது. அன்னிக்கு ஒரு தாள்ல நாலு வரி எழுதி அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினோம், பரீட்ச வாரத்துல மட்டும் ரூல் கிடையாதுன்னு அதுல ஒரு வரி. இப்பவும் அவதான் என் ரூம்மேட்.

வார்டன் கிட்ட போறது கடைசி வழி. முதல்லயே போயிட்டா அப்புறம் அந்த ரூம்ல சேர்ந்து இருக்குறது கஷ்டம்.

உடலியல்_படிக்கிறேன்:

தூக்கம் பத்தி ரெண்டு வார்த்த. உன் பிரச்சன முழுசா ரூம்மேட்னால வரலன்னு எனக்குத் தோணுது, சாயங்காலம் அந்த "10 நிமிஷம்"தான் பாதி காரணம்.

நாம முழிச்சிருக்க இருக்க மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேர்ந்துட்டே போகும், அது சேரச் சேர தூக்கம் அழுத்தும். 4.30ல இருந்து 6.30 வரைக்கும் தூங்கிட்டா அந்த அழுத்தம் இறங்கிடும், அப்புறம் 11 மணிக்கு எப்படி தூக்கம் வரும்? குட்டித் தூக்கம் வேணும்னா மதியமே போடு, 20 நிமிஷத்துக்கு அலாரம் வச்சுட்டு. அதுக்கு மேல போனா ஆழ்ந்த தூக்கத்துல எறங்கிடுவோம், எந்திரிக்கிறப்போ தல கனமா இருக்கும். நீ இருட்டுனப்புறம் முழிக்கிறேன்னு சொன்னியே, அந்த நேரத்துலதான் தொண்டையும் அடைக்குதுன்னு வேற சொல்ற, யோசிச்சுப் பாரு.

காபி குடிப்பியான்னு எழுதல. குடிச்சா எப்போ குடிக்கிறன்னு பாரு. காஃபின் அந்த அடினோசின் போய் உக்கார்ற இடத்த அடைச்சுக்கும், அதனாலதான் தூக்கம் கலையுது. உடம்புல அது பாதியா குறைய சராசரியா 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். ராத்திரி 10க்கு குடிச்சா 3 மணிக்கும் பாதி உள்ள இருக்கு.

இன்னொரு விஷயம், இந்த வயசுல உடம்புக் கடிகாரமே கொஞ்சம் தள்ளித்தான் ஓடும், பதின்ம வயசுல ஆரம்பிச்சு 20 வயசு சுமாருக்கு அது ரொம்பத் தாமதமா இருக்கும், அதுக்கப்புறம் மெதுவா முன்னாடி வரும். அதனால சீக்கிரம் தூக்கம் வரலன்னா உன்ன நீயே சோம்பேறின்னு திட்டிக்காத. ஆனா காலைல வெளிச்சத்துல நின்னா கடிகாரம் முன்னாடி நகரும். எந்திரிச்ச உடனே ஃபோன எடுக்காம ஒரு கால் மணி நேரம் வெளிய நடந்துட்டு வா. 18ல இருந்து 25 வயசு வரைக்கும் 7 முதல் 9 மணி நேரம் தூக்கம் வேணும்னுதான் சொல்றாங்க, நீ சொல்ற கணக்குல ராத்திரி 3 மணி நேரம்தான் தேறுது, மீதிய உடம்பு சாயங்காலம் எடுத்துக்குது.

முதலாண்டு_மாணவி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆமா, ராத்திரி 10 மணிக்கு காபி குடிக்கிறேன், படிக்கிறதுக்கு முன்னாடின்னு. அது 3 மணி வரைக்கும் இருக்கும்னு நெனச்சே பாக்கல. நான் முழுக்க முழுக்க லைட்டத்தான் குத்தம் சொல்லிட்டிருந்தேன். அக்கா, ஈரத்துண்டு படிச்சதும் சட்டுனு திரும்பி அவ சேரத்தான் பாத்தேன், என் துணிங்க மூணு அதுல கிடக்கு.

வீட்ட_விட்டு_வந்தவன்:

உன் மூணாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன்.

வீட்ட நெனச்சு ஏங்குறதுக்கு முதல்ல மருத்துவப் பேரு வச்சவரே ஒரு மாணவர்தான். 1688ல ஸ்விட்சர்லாந்துல பாசல் பல்கலைக்கழகத்துல யோஹான்னஸ் ஹோஃபர்னு மருத்துவம் படிச்சிட்டிருந்தவர் இதப் பத்தியே ஆய்வு எழுதினாரு. கிரேக்கத்துல வீடு திரும்புறதுக்கு ஒரு சொல்லு, வலிக்கு ஒரு சொல்லு, ரெண்டயும் சேத்து நோஸ்டால்ஜியான்னு பேரு வச்சாரு. அதுல அவர் எழுதின ஒரு நோயாளி, பெர்ன்ல இருந்து பாசலுக்குப் படிக்க வந்த பையன். காய்ச்சல், படபடப்பு, பொழைக்க மாட்டான்னே நெனச்சிட்டாங்க. ஊருக்கு அனுப்பலாம்னு முடிவு பண்ணி ஏற்பாடு நடக்க ஆரம்பிச்சதுமே அவனுக்கு மூச்சு நல்லா வர ஆரம்பிச்சுதாம், வீடு போய் சேர்றதுக்கு முன்னாடியே தேறிட்டான். 300 வருஷத்துக்கு மேல ஆச்சு. அதனால உனக்கு மட்டும் வந்த பலவீனம்னு இத நெனைக்காத மா.

போகுமான்னு கேட்ட. எனக்கு முதல் செமஸ்டர் முடியுற வரைக்கும் இருந்துச்சு. திடீர்னு ஒரு நாள் போகல, ஒரு வாரத்துல 7 நாள் வந்தது 5 நாளாச்சு, அப்புறம் ஞாயித்துக்கிழம மட்டும். குறைஞ்சதுக்கு காரணம்னு பாத்தா, அந்த நேரத்துல ரூம்ல இருக்குறத நிறுத்தினேன். 5.30க்கு கிரவுண்டுக்குப் போயிடுவேன், ஓடத் தெரியாது, நடப்பேன். அங்க தினமும் பாத்த மூஞ்சிங்கதான் அப்புறம் ஃப்ரெண்ட்ஸ் ஆனாங்க.

அம்மா கிட்ட பொய் சொல்றத மட்டும் விட்டுடு. நல்லாருக்கேன்னு சொல்லி வச்சிட்டா அவங்களுக்கும் தெரியும், உனக்கும் தெரியும், ரெண்டு பேரும் தனித்தனியா கஷ்டப்படுறீங்க. நான் ஒரு நாள் எனக்கு இங்க பிடிக்கலன்னு அப்பா கிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "சரிப்பா, இன்னிக்கு என்ன நடந்துச்சு சொல்லு"ன்னாரு. 40 நிமிஷம் பேசினோம், அன்னிக்கு நல்லா தூங்கினேன். ஆனா இது குறையாம கூடிட்டே போனா, சாப்பாடு இறங்கல, க்ளாஸுக்கே போகப் பிடிக்கல, வாழவே பிடிக்கலங்குற மாதிரி வந்துச்சுன்னா, தள்ளிப் போடாம உங்க கேம்பஸ் கவுன்சிலர் இல்ல டாக்டர் கிட்ட போ.

லைப்ரரி_ஓரம்:

படிப்புக்கு ஒரே ஒரு விஷயம். க்ளாஸ் முடிஞ்சதும் ரூமுக்குப் போகாத. பை தோள்ல இருக்குறப்பவே நேரா லைப்ரரிக்குப் போயிடு, கட்டில பாத்துட்டா முடிஞ்சுது. 4.30 டு 5.15, முக்கால் மணி நேரம் போதும், அப்புறம் மேல தம்பி சொன்ன மாதிரி நடக்கப் போ.

அந்த முக்கால் மணி நேரத்துல நோட்ட மூடி வச்சிட்டு இன்னிக்கு க்ளாஸ்ல என்ன சொன்னாங்கன்னு வெறும் தாள்ல எழுது, வராத இடத்த மட்டும் திறந்து பாரு. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமே இல்லாத அசைகள மனப்பாடம் பண்ணி தன் மேலயே சோதன பண்ணாரு, 1885ல புத்தகமா வந்துச்சு. ஒரு மணி நேரத்துலயே பாதிக்கு மேல போயிடுது. மறுபடி மறுபடி படிக்கிறத விட மூடி வச்சு ஞாபகப்படுத்துறது மேல்னு 2006ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு பேர் மாணவர்கள வச்சே காட்டினாங்க. 5 நிமிஷம் கழிச்சு கேட்டப்போ திரும்பப் படிச்சவங்க முன்னாடி இருந்தாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ ஞாபகப்படுத்திப் பாத்தவங்க முன்னாடி வந்துட்டாங்க. நீ ராத்திரி ஒரே பக்கத்த நாலு தடவ படிக்கிறது வீண் உழைப்பு.

படிப்பு தவிர இன்னொண்ணும் சொல்லணும். ராத்திரி ரூம் ரூமா போய் பேசுறத யாரும் கெட்டதா சொல்லல, ஆனா நீயே அத நேரம் போற கணக்குல எழுதியிருக்க. அத முழுசா விட்டுடாத. படிப்ப முன்னாடியே முடிச்சிட்டா 9ல இருந்து 10.30 வரைக்கும் நிம்மதியா பேசலாம். எனக்கு காய்ச்சல்ல கெடந்தப்போ மெஸ்ல இருந்து தட்டு எடுத்துட்டு வந்து குடுத்தவங்க எல்லாம் அந்தப் பேச்சுல கெடச்சவங்கதான்.

முதலாண்டு_மாணவி:

9 நாள் கழிச்சு வர்றேன், என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்ல.

முதல்ல அவ சேர்ல இருந்த என் துணிய எடுத்தேன். அப்புறம் மெஸ்ல இருந்து திரும்புற வழியில லைட் பத்தி கேட்டேன். அவ நின்னுட்டா. புது இடத்துல இருட்டுல படுக்க பயமா இருக்கு, அதான் தூக்கம் தானா வர்ற வரைக்கும் லைட்ட போட்டுட்டு படிக்கிறேன், நீ செவுத்துப் பக்கம் திரும்பிட்டா தூங்கிட்டன்னு நெனச்சேன்னா. அவளுக்கும் இன்டர்னல்ல மார்க் குறைவுதான், அந்த வீடியோ கால் அவ அக்கா கூட, பாடம் கேக்குறதுக்கு. 7 வாரமா பக்கத்துக் கட்டில்ல படுத்துட்டு எனக்கு இது எதுவுமே தெரியாது.

இப்போ ஒரு குட்டி லேம்ப் செவுரப் பாத்து எரியுது, ராத்திரி முழுக்க எரியட்டும்னு விட்டுட்டோம், எனக்கு அது தொந்தரவா இல்ல. 10 மணி காபி நிறுத்திட்டேன், முதல் மூணு நாள் தலவலி, இப்போ பரவால்ல. லைப்ரரிக்கு 9 நாள்ல 6 நாள் போனேன். 6 மணி கஷ்டம் இன்னும் இருக்கு, ஆனா அந்த நேரத்துக்கு ரெண்டு பேரும் கிரவுண்டுல இருக்கோம். அம்மா கிட்ட இன்னும் சொல்லல, இந்த ஞாயித்துக்கிழம சொல்லப் போறேன்.

அலாரம் ஒண்ணுதான் இப்போ, 6.30க்கு. அவ இன்னும் முழிக்கிறதில்ல, நான்தான் தட்டி எழுப்புறேன்.