தானியத் தட்டுக்குச் சிட்டுக்குருவிகள் வராமல் போனது ஏன்?

கேள்வி: மாடித்தோட்டம்_கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக மாடிக் கைப்பிடிச்சுவரின் மேல் ஒரு மண்தட்டில் கம்பும் நொய்யரிசியும் வைத்து, அருகில் ஒரு சட்டியில் தண்ணீரும் ஊற்றி வருகிறேன். மார்கழி முழுவதும் விடிந்தவுடன் இருபதுக்குக் குறையாத சிட்டுக்குருவிகள் வந்துகொண்டிருந்தன. பொங்கலுக்குப் பிறகு எண்ணிக்கை குறைந்தது. கடந்த பத்து நாட்களாக ஒன்றுகூட வரவில்லை. மாடப்புறாக்கள் மட்டுமே வருகின்றன. தட்டையும் தானியத்தையும் நான் மாற்றவில்லை. அவற்றுக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்திருக்குமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வயல்வரப்பு

வணக்கம் அம்மா. முதலில் கவலையை விடுங்கள். தை மாதம் நம் பகுதியில் சம்பா அறுவடைக் காலம். வயலில் உதிர்ந்த மணி, களத்தில் சிதறிய நெல், சாலையோரம் காயவைத்த நெல் என்று எங்கு பார்த்தாலும் தீனி கிடக்கும்போது, குருவிகளுக்கு உங்கள் தட்டின் தேவை குறைந்துவிடுகிறது. குஞ்சு இருக்கும் குருவிகளுக்கோ தானியத்தைவிடப் புழுவும் பூச்சியும்தான் முக்கியம். முட்டையிலிருந்து வெளிவந்த முதல் சில நாட்களில் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சிகளையே ஊட்டும். எங்கள் வீட்டிலும் ஆண்டுதோறும் தையில் குறைந்து, மாசிக் கடைசியில் கூட்டம் திரும்பிவிடுகிறது.

பதில்: கூடுகட்டி

மேலே சொன்னது சரியே என்றாலும், அறுவடை ஒன்றே காரணமாக இருந்தால் வரவு குறையுமே தவிர முற்றிலும் நின்றுபோகாது என்பது என் எண்ணம். சிட்டுக்குருவி வெகுதூரம் அலையும் பறவை அன்று. கூட்டை ஒட்டிய சிறிய வட்டத்துக்குள்ளேயே அதன் வாழ்க்கை நடக்கிறது. அது தட்டுக்கு வரும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். நேரே வந்து இறங்காது; அருகிலுள்ள புதரிலோ செடியிலோ கூட்டமாக அமர்ந்து, ஒலியெழுப்பியபடி சுற்றிலும் பார்த்து, ஒன்று துணிந்து இறங்கிய பிறகே மற்றவை தொடரும். வைரி பாய்ந்தால் அடுத்த நொடியே ஒளிந்துகொள்ள அந்தப் புதர்தான் அரண். அது இல்லாத வெட்டவெளியில் எவ்வளவு தானியம் கிடந்தாலும் இறங்கத் தயங்கும். ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி: தட்டுக்கு அருகே பத்துப் பதினைந்து அடிக்குள் இருந்த செடி, கொடி, வேலி ஏதேனும் அண்மையில் வெட்டப்பட்டதா? புதிதாகப் பூனை நடமாட்டம் உண்டா?

கேள்வி கேட்டவர்

பூனை இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது. பக்கத்து மனையில் ஆள் உயரத்துக்கும் மேலே அடர்ந்திருந்த மருதாணி வேலியைப் பொங்கல் முடிந்த வாரத்தில் வெட்டிவிட்டுச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். குருவிகள் அந்த வேலியிலிருந்துதான் எங்கள் மாடிக்கு வரும். இத்தனை நாள் இதை நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

பதில்: நீர்ச்சட்டி

அப்படியானால் காரணம் பெரும்பாலும் அதுவே. ஆயினும், புறாக்கள் மட்டும் வருகின்றன என்று எழுதியிருப்பதால் தூய்மையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே தட்டில் பல பறவைகள் கூடும்போது எச்சிலும் எச்சமும் தானியத்தில் கலக்கின்றன. புறாக்களின் தொண்டையில் வாழும் டிரைக்கோமோனாஸ் என்னும் நுண்ணுயிரி இவ்வழியாகப் பரவக்கூடியது. பிரிட்டனில் 2005-இல் இந்நோய் கிரீன்ஃபிஞ்ச் என்ற சிறு பறவையிடம் தோன்றியது. அதன் பிறகு அங்கே அப்பறவையின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகச் சரிந்தது. அந்நாட்டின் பறவைப் பாதுகாப்புச் சங்கமே 2025 தொடக்கத்தில் தட்டையான தீனிப் பலகைகளின் விற்பனையை நிறுத்தி வைத்தது. அன்போடு வைக்கும் தீனியே நோய்க்கு வழியாகிவிடக் கூடாது என்பதால் இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

தட்டில் தானியத்தைக் குவிக்காமல், அன்று மாலைக்குள் தீரும் அளவு மட்டும் வையுங்கள். பனியில் நனைந்து பூசணம் பிடித்த கம்பை அப்படியே கொட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறையேனும் தட்டை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் முழுவதும் காயவைத்த பிறகே மீண்டும் பயன்படுத்த வேண்டும். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள்.

இன்னொன்று, தட்டுக்குப் பதிலாக நெற்கதிர்களைக் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடலாம். அறுவடைக் காலம் என்பதால் கதிர் எளிதில் கிடைக்கும். ஆடும் கதிரைப் பற்றிக்கொண்டு குருவி கொத்தித் தின்னும். கனத்த புறாவால் அது முடியாது. இரண்டு மூன்று பெரிய தொட்டிகளில் மருதாணிக் கிளைகளை ஊன்றிக் கைப்பிடிச்சுவரை ஒட்டி வையுங்கள். அவை அடர்வதற்கு மாதங்கள் ஆகும் என்பதால், அதுவரை காய்ந்த முட்கிளைகளைக் கட்டி நிறுத்தினாலும் குருவிகள் வந்து அமரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தட்டை எடுத்துவிட்டேன். கதிர்க்கொத்து தொங்கவிட்டு ஆறு நாட்கள் ஆகின்றன. இலந்தை முள்ளையும் கட்டி நிறுத்தியிருக்கிறேன். நேற்றுக் காலை ஓர் ஆண்குருவி முள்கிளையில் வந்தமர்ந்து, வெகுநேரம் கதிரையே பார்த்துவிட்டு, தொடாமல் பறந்துபோயிற்று. இன்று இரண்டு வந்தன.