பீச்சுல பாய் மாதிரி படர்ற பொடுதலை, தொட்டில பூக்கவே மாட்டேங்குது

தஞ்சோங் பூங்கா மலர்:
வணக்கம் எல்லாருக்கும். நான் பினாங்கு, ஃப்ளாட்ல 9வது மாடி. போன மாசம் பத்து ஃபெரிங்கி பீச்சுக்குப் போனப்ப மணல் முடிஞ்சு புல்லு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு செடி தரையோட தரையா பாய் விரிச்ச மாதிரி கிடந்துச்சு, பூ தீக்குச்சி தலை சைஸ்தான், நடுவுல கரும் ஊதா, சுத்தி வெள்ளையா லேசா ரோஸா குட்டிக் குட்டியா ஒரு வளையம். போட்டோவ அம்மாகிட்ட காட்டுனேன், "இது பொடுதலைடி, அம்மாச்சி தேங்காண்ணெயில போட்டு காய்ச்சி பொடுகுக்குத் தேய்ச்சு விடுவாங்க"ன்னாங்க. ஒரு பிடி புடுங்கிட்டு வந்து நல்ல மண்ணு, உரம் எல்லாம் போட்டு பால்கனில வச்சேன். செத்தும் போகல, ஆனா கொடி மட்டும் வெளிறிப்போய் நூலு மாதிரி நீளுது, ஒரு பூ கூட இல்ல. என்னா தப்பு பண்றேன்?

ரவாங் ராஜா:
தண்ணி அதிகம் சிஸ். கடற்கரை செடிக்கு மணல்தான் வேணும், வாரம் ஒரு தடவ தண்ணி ஊத்துனா போதும்.

பட்டர்வொர்த் கோமதி:
தம்பி கோவிச்சுக்காதீங்க, தண்ணி மேல பழி போடாதீங்க. எங்க அப்பா ஊர்ப் பக்கம் இது வயல் வரப்புலயும் குளத்தங்கரையிலயும் கிடக்கும், பாதி நாள் ஈரத்துலதான் இருக்கும். உப்பையும் தாங்கும், வெள்ளத்தையும் தாங்கும், நிழலத்தான் தாங்காது. மலர், உங்க கொடில ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் எவ்ளோ தூரம்னு பாருங்க. என் வீட்டு வாசல்ல வெயில்ல கிடக்குறதுல ஒரு விரக்கட கூட இருக்காது. உங்களுது நீண்டிருந்தா அது வெளிச்சத்தத் தேடி ஓடுதுன்னு அர்த்தம். உரத்த நிறுத்துங்க, அது இலையத்தான் வளர்க்கும்.

நீண்டத வெட்டிப்போட்டு, மூணு நாலு கணு உள்ள துண்டா எடுத்து, ஆழமில்லாத அகலத் தொட்டில (நான் அடியில ஓட்ட போட்ட தபாவ் (சாப்பாடு பார்சல்) டப்பாலதான் ஆரம்பிச்சேன் லா) ரெண்டு பங்கு மணல் ஒரு பங்கு மண்ணு கலந்து படுக்க வச்சு கணுவ மட்டும் லேசா மூடுங்க. ஒவ்வொரு கணுலயும் வேர் விடும், ரெண்டு வாரம் காயவிடாம பாத்துக்கங்க. அப்புறம் குறைஞ்சது ஆறு மணி நேரம் நேர் வெயில்.

தரையில நட்டுராதீங்க, லோங்காங் (சாக்கடை) வரைக்கும் போயிரும். பூவுக்குத் தேனீயும் வரும், என் பேரன் செருப்பில்லாம ஓடி தேனீ கொட்டி ஒரே அழுக.

இன்னொண்ணு, பீச்சுல வேரோட புடுங்காதீங்க மா, மணல புடிச்சு வச்சிருக்கிறதே அதுதான். துண்டு கிள்ளுனா போதும்.

சுங்கை பூலோ சுத்தி:
கோலாலம்பூர்ல நான் அஞ்சு நர்சரி ஏறி இறங்கிட்டேன், ஒரு கடைல இதுதான்னு மஞ்சப் பூ வெடேலியாவ கையில குடுத்துட்டாங்க, அதுவும் படரும் ஆனா வேற செடி. பொடுதலை இலை நுனிப் பக்கம் மட்டும்தான் பல்லு பல்லா இருக்கும், காம்புப் பக்கம் குறுகி மழமழன்னு. பூவும் கீழருந்து மேல வளையம் வளையமா ஏறும், அதனால தலை நாளாக நாளாக நீண்டுகிட்டே போகும். பைலா நோடிஃப்ளோரான்னு தேடுங்க, பழைய புக்ல லிப்பியான்னு இருக்கும். இலையில கறுப்பா முள்ளு முள்ளா புழு வந்தா மருந்து அடிச்சிராதீங்க, கண்ணு கண்ணா புள்ளி வச்ச ஆரஞ்சு பட்டாம்பூச்சியோடதா இருக்கலாம்.

ரவாங் ராஜா:
கோமதிக்கா, ஒத்துக்கிறேன் 😅 நான் கத்தாழை கணக்குல சொல்லிட்டேன்.

தஞ்சோங் பூங்கா மலர்:
அளந்தேன் கா, கணுவுக்கு கணு முழுசா என் சுண்டுவிரல் நீளம்! என் பால்கனில காலைல ஒரு மணி நேரம்தான் வெயிலு. கீழ் வீட்டு ஆன்ட்டி வாசல்ல வச்சுட்டேன்.

(ஏழு வாரம் கழிச்சு) தொட்டி ஓரத்துல ரெண்டு பூ. ஆன்ட்டி களைன்னு நெனச்சு பாதிய புடுங்கிட்டாங்க, மிச்சத்துலதான் இது. அம்மா அதுக்குள்ள எண்ணெய் எப்ப காய்ச்சலாம்னு கேக்குறாங்க.