19,569 மொழியாம்! யார் எண்ணினார்கள்?

எண்ணெழுத்து:
தாய்மொழி நாளான பிப்ரவரி 21 வந்தால் போதும், இந்த எண்ணும் கூடவே வந்துவிடும். இன்று மட்டும் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள்: "19,569 மொழிகள் பேசும் நாட்டில் பிறந்ததற்குப் பெருமைப்படுவோம்!" ஐயா, அது 2011 கணக்கெடுப்பில் தாய்மொழி என்று மக்கள் சொன்ன பெயர்களின் எண்ணிக்கை. ஒரே பேச்சுக்கு ஊருக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல். அதைச் சலித்து 1,369 ஆக்கினார்கள். அப்புறம் தொகுத்து, 10,000 பேராவது பேசும் மொழிகள் 121 என்றார்கள். 121. அவ்வளவுதான்.

நீலமலை:
சலித்தார்களா, நசுக்கினார்களா? எங்கள் நீலகிரியின் படுகு மொழியை 1.3 லட்சம் பேருக்கு மேல் தாய்மொழி என்று பதிந்தோம். உங்கள் 121-இல் தேடிப் பாருங்கள், கிடைக்காது. கன்னடத்துக்குள் போட்டுவிட்டார்கள். 5 கோடிப் பேரின் போஜ்புரி இந்திக்குள். பிறகு இந்தி 43 சதவீதம் என்று மார்தட்டல் வேறு.

எண்ணெழுத்து:
படுகு பற்றி நான் வாயே திறக்கவில்லை. 19,569 மொழி இல்லை என்றேன். இல்லைதானே?

வைகைக்கரை:
எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர், "சௌராஷ்டிராவா? அது ஊர் பேராச்சே, தமிழ்னு போட்டுக்கறேன்" என்று பேனாவைத் திறந்தார். அம்மா காபி டம்ளரை நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "முதல்ல சரியா எழுதுங்க, அப்புறம் காபி." எழுதினார். அதைக் கடைசியில் மேலே குஜராத்தியோடு சேர்த்துவிட்டார்கள்!

எண்ணெழுத்து:
காபி ஆறியிருக்கும். 19,569-க்கு வருவோமா?

சும்மாஇரு:
சண்டை வேண்டாமே. எல்லாருக்கும் தாய்மொழி நாள் வாழ்த்துக்கள்!

எண்ணெழுத்து:
வாழ்த்துகள். 'க்' வராது.

சும்மாஇரு:
எங்கள் தமிழ் வாத்தியார் 'க்' போட்டுத்தான் எழுதுவார்.

எண்ணெழுத்து:
அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நீலமலை:
ஒரு 'க்' கூடினால் பாய்ந்து வருகிறீர்கள். ஒரு மொழியையே காணோம் என்றால் மட்டும் "அதைப் பற்றிப் பேசவில்லை".

எண்ணெழுத்து:
போன வருஷம் சமஸ்கிருதப் பேச்சிலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

நீலமலை:
நழுவியது யார்? அதே 2011-இல் சமஸ்கிருதம் தாய்மொழி என்றவர்கள் 24,821 பேர். அதற்கு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் உண்டு, படுகுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

எண்ணெழுத்து:
அட்டவணையில் இருப்பது 22. தொகுத்தால் 121. சலித்தால் 1,369. எந்தப் பக்கம் திருப்பினாலும் 19,569 மொழி வராது. இதை ஒருவர்கூட ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறீர்களே!

வைகைக்கரை:
இவ்வளவு கணக்குச் சொல்கிறவர் வீட்டில் என்ன பேசுவாராம் என்று அம்மா கேட்கிறார்.

எண்ணெழுத்து:
தமிழ். 2011-இலும் அப்படித்தான் எழுதிக்கொடுத்தோம். பாட்டி தெலுங்கு பேசுவார், அது இங்கே தேவையில்லாதது. 19,569-க்கு வாருங்கள்.

நீலமலை:
ஓஹோ, தெலுங்கா!

சும்மாஇரு:
பாட்டிக்கும் வாழ்த்துக்கள்.