லேலோ புர்த்தி: ஷுகூத்தியில் நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

பத்தூமி மாணவன்:
ஜார்ஜியாவின் ஷுகூத்தி கிராமத்தில் ஈஸ்டர் அன்று நடக்கும் பந்தாட்டம்தான் லேலோ புர்த்தி: மேலூரும் கீழூரும் ஒரே பந்தைத் தத்தம் பக்கத்து ஓடைக்குக் கொண்டுசேர்க்க முட்டிமோதும். மருத்துவம் படிக்க வந்த இரண்டாம் ஆண்டு, ஈஸ்டர் ஞாயிறன்று வகுப்புத் தோழனோடு போயிருந்தேன். பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த 16 கிலோ தோல் பந்து கூட்டத்துக்குள் விழுந்தபின் அரைமணி நேரம் என் கண்ணுக்குப் பந்தே தெரியவில்லை. வென்ற கீழூர்க்காரர்கள் அதை இடுகாட்டுக்குத் தூக்கிச் சென்று, அண்மையில் இறந்த ஓர் இளைஞனின் கல்லறைமேல் வைத்தபோது, உள்ளே ஊற்றியிருந்த ஒயின் தையல் வழியே கசிந்து கல்லில் இறங்கியது. எல்லாரும் சேற்றுக் காலணியோடு நிற்க, நான் மட்டும் ஏனோ செருப்பைக் கழற்றிவிட்டேன். உயிர்த்தெழுந்த நாளில் இறந்தவனுக்கு வெற்றியைக் கொடுக்கும் இந்த ஆட்டம் தேவாலயத்தில் பிறந்ததுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இம்பாலில் சில காலம்:
நாள் ஈஸ்டர் என்பதற்காகவே வேரும் தேவாலயத்தில்தான் என்று முடிவுகட்டுவது அவசரம். பணி நிமித்தம் இம்பாலில் இருந்தபோது, மணிப்பூரின் ஹோலிக் கால விழாவான யாவோஷாங்கில், யூபி லாக்பி என்னும் தேங்காய் பறிக்கும் ஆட்டத்தைப் பார்த்தேன். அங்கே எண்ணெய் பூசிய தேங்காய்தான் பந்து. அக்குளில் இடுக்கி ஓடியவரின் பிடியிலிருந்து வழுக்கி, அது என் காலருகே வந்து நின்றது. தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கைகட்டி நின்றேன். பாற்கடலில் எழுந்த அமுத கலசத்தைப் பறித்த கதையின் நினைவு என்றே அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். ஆனால் மணிப்பூரில் வைணவம் அரச சமயமானது 18ஆம் நூற்றாண்டில்தான். பழைய ஆட்டத்தின்மேல் கதை பிற்பாடு ஏறியிருக்கலாம் அல்லவா? ஷுகூத்தியிலும் அதையே கேட்க வேண்டும்.

திபிலிசிவாசி:
நான் 2024 மார்ச் 31 அன்று ஷுகூத்திக்குப் போய், மாடு மேய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: ஜார்ஜியத் திருச்சபை பழைய ஜூலியன் கணக்கில் ஈஸ்டரைக் குறிப்பதால், அவ்வாண்டு அங்கே விழா மே 5 அன்றுதான் வந்தது. நம் வீட்டு நாட்காட்டியை நம்பாமல், அங்குள்ள ஒருவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கணுக்காலைப் பிடிக்கும் காலணி அணியுங்கள். ஆட்டத்துக்கு எல்லைக்கோடு கிடையாது, கூட்டம் எந்த வேலியையும் சாய்த்துக்கொண்டு வரும் என்பதால், சுவர் ஓரமாக நிற்காதீர்கள். பந்து இடுகாட்டுக்குப் போகும்போது பின்னாலேயே போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்று ஊர்க்காரர் சொன்னார். கைப்பேசியை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள்.